சிவகாசியில் சூரியன், திருத்தங்கலில் நெப்டியூன்

பள்ளிச் சுவரில் தொங்கும் ‘சூரியக் குடும்பம்’ வண்ண அட்டையைப் பார்க்காமல் வளர்ந்தவர் தமிழ்நாட்டில் குறைவு. இடது ஓரத்தில் மஞ்சள் வளைவாகச் சூரியன். அதையடுத்துப் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்று எட்டுக் கோள்களும் தோளோடு தோள் உரசி வரிசையில் நிற்கும். நாடெங்கும் விற்பனையாகும் இத்தகைய அட்டைகள், காலண்டர்கள், நோட்டு மேலட்டைகள் என்று எத்தனையோ சிவகாசி அச்சகங்களிலிருந்து போகின்றன. அச்சு நேர்த்தியில் அவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால், அந்த அட்டையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளின் மனத்தில் பதிந்திருக்கும் சூரியக் குடும்பம் தவறானது. வானத்தில் கோள்கள் அப்படி நெருங்கி நிற்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20-க்கு 30 அங்குலத் தாளின் நீளவாட்டில் ஒரு முனையில் சூரியனையும் மறு முனையில் நெப்டியூனையும் வைத்து, பருமனையும் தூரத்தையும் ஒரே அளவுகோலில் அச்சடிக்கச் சொன்னால், சூரியனின் விட்டம் கால் மில்லிமீட்டர்கூட வராது. ஆப்செட் இயந்திரத்திலிருந்து இறங்கிய தாளை அச்சகத்தார் லென்ஸ் வைத்துப் பார்ப்பார்களே, அதில் தெரியும் வண்ணப் புள்ளிகளில் ஒன்றிரண்டு சேர்ந்த அளவுதான் சூரியன். பூமியோ ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு. அதை அச்சடிக்கும் ஆப்செட் இயந்திரம் எங்கும் கிடையாது. சரி, பூமியைக் கண்ணுக்குத் தெரியும்படி 2 சென்டிமீட்டரில் வரைந்துவிடலாம் என்றால், நெப்டியூனை வரைய அதே தாள் 7 கிலோமீட்டர் நீள வேண்டும்.

தாளில் முடியாதது சாலையில் முடியும். சிவகாசியில் தொடங்கித் திருத்தங்கல் நோக்கிப் போகும் வழியில், சூரியக் குடும்பத்தின் அளவுமாதிரி ஒன்றை இந்தப் பகுதி மக்களே, தங்கள் கையாலேயே, நடைவழியாக அமைக்க வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. உலகில் இது புதிதல்ல. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரை ஒட்டிய மலைமுகட்டில் 1979-லேயே நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் இப்படி ஒரு கோள்வழியைப் போட்டார்கள். சுவீடனில் ஸ்டாக்ஹோமின் கோள வடிவ அரங்கத்தையே சூரியனாக வைத்து, நாட்டின் நீளத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் கோள்களை நிறுவியிருக்கிறார்கள். அமெரிக்காவின் இத்தாக்கா நகரில் வானியலாளர் கார்ல் சேகனின் நினைவாக 1997-இல் ஒன்று திறக்கப்பட்டது. நம் பகுதிக்கு ஏற்றது சூரிச் அளவு. அதாவது, 10 லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்.

இந்த அளவில் சூரியன் 1.39 மீட்டர் விட்டமுள்ள ஒரு கோளம். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் உயரம் இருக்கும். சிவகாசிப் பேருந்து நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ அதை நிறுத்தலாம். விருதுநகர் மண்டி பருப்புக்கும் பயறுக்கும் பேர்போனது என்பதால், உள்கோள்களை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். புதன் ஒரு பாசிப்பயறு. வெள்ளியும் பூமியும் ஆளுக்கொரு பெரிய ரக வெள்ளைக் கொண்டைக்கடலை. செவ்வாய் காய்ந்த பட்டாணி. நிலா ஓர் உளுந்து. புளூட்டோ கடுகு. அடுத்து வரும் பெரிய கோள்கள்தான் மண்டிக்குள் அடங்காது: வியாழன் 14 சென்டிமீட்டர், சனி 12 சென்டிமீட்டர், யுரேனஸும் நெப்டியூனும் தலா 5 சென்டிமீட்டர். சூரியனிலிருந்து 58 மீட்டரில் புதன், 108 மீட்டரில் வெள்ளி, 150 மீட்டரில் பூமி, 228 மீட்டரில் செவ்வாய். பேருந்து நிலையத்தை விட்டு வெளியே வந்து ஒரு தெருவைக் கடப்பதற்குள் நமக்குத் தெரிந்த உலகம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வியாழனுக்கு 778 மீட்டர், சனிக்கு 1.43 கிலோமீட்டர், யுரேனஸுக்கு 2.87 கிலோமீட்டர். நெப்டியூன் 4.5 கிலோமீட்டரில், திருத்தங்கல் பக்கம் வந்து விழுகிறது. பத்துக் கல் நட்டால் போதும். அந்தக் கற்களுக்கு நடுவே கிடக்கும் வெறுமைதான் பாடம். அதை எந்தப் புத்தகத்தாலும் காட்ட முடியாது, நடந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

பூமிக் கல்லில் சற்று நின்று ஒன்று செய்து பார்க்க வேண்டும். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால், 150 மீட்டருக்கு அப்பால் உள்ள அந்தச் சூரியக் கோளம், வானத்துச் சூரியன் நம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதே அளவில் தெரியும். இப்போது நிலாவான உளுந்தை விரல் நுனியில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணிலிருந்து 38 சென்டிமீட்டர் தள்ளி நீட்டினால், அந்த ஓர் உளுந்து சூரியனை ஏறக்குறைய முழுக்க மறைத்துவிடும். ஓரத்தில் மட்டும் மெல்லிய வளையம் மிஞ்சும். 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல், கரூர், புதுக்கோட்டை மக்கள் பார்த்த வளையச் சூரிய கிரகணம் அதுதான். கையை 2 சென்டிமீட்டர் கண்ணுக்குப் பக்கமாகக் கொண்டுவந்தால் வளையமும் மறைந்து முழுக் கிரகணம் ஆகிவிடும். கிரகணத்தன்று வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட பிள்ளைகள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். ஓர் உளுந்தால் அந்தப் பயத்தைப் போக்க முடியும் என்றால் அதைவிட மலிவான ஆய்வுக்கூடம் வேறு எது? பாவனைச் சூரியனைத்தான் இப்படி வெறும் கண்ணால் பார்க்க வேண்டும், வானத்துச் சூரியனை ஒருநாளும் கூடாது என்று அந்தக் கல்லிலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடவும் வேண்டும்.

ஏறக்குறைய அந்த 38 சென்டிமீட்டர்தான் மனிதர் இதுவரை தம் உடலோடு போய் வந்த அதிகபட்சத் தூரம். சந்திரயான்-3 இறங்கிய இடமும் அங்கேதான். ஆதித்யா-எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி நமக்கு அடுத்த செங்கோட்டைக்காரப் பெண். 2023-இல் புறப்பட்ட அந்த விண்கலம், பூமிக் கல்லிலிருந்து சூரியன் பக்கமாக ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு சிறு குத்தூசி அடித்து வைத்தாலும் போதும், பெண் பிள்ளைகள் அதைத் தேடிப் போய்ப் பார்ப்பார்கள்.

ஒளியின் வேகமும் இந்த வழியில் காலுக்குப் பிடிபடும். நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்று மனப்பாடம் செய்த வேகம், இங்கே நொடிக்கு 30 சென்டிமீட்டர். தவழும் குழந்தை அதை முந்திவிடும். சாதாரணமாக நடப்பவர் ஒளியைப் போல நான்கு மடங்கு வேகத்தில் போவார். சூரியனிலிருந்து பூமிக்கு நாம் இரண்டு நிமிடத்தில் நடந்துவிடுவோம், ஒளிக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. நெப்டியூனுக்கு நமக்கு ஒரு மணி நேரம், ஒளிக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேல். இவ்வளவு வேகமாக ஓடும் ஒளியே இப்படித் திணறும் தூரம் என்று மாணவர் ஒருவருக்கு ஒரு முறை உறைத்துவிட்டால், அதன் பின் வானம் அவருக்கு வேறு.

வானியலை ஏதோ அந்நியச் சரக்காக நினைக்க நமக்குக் காரணமே இல்லை. சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை, குருப்பெயர்ச்சி ஆண்டுக்கு ஒரு முறை என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். ஏன் அந்தக் கணக்கு என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. நடைவழியில் வியாழன் சுற்றும் வட்டம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அதைச் சுற்றி வர அதற்குப் பன்னிரண்டு ஆண்டு ஆகிறது. ராசிகள் பன்னிரண்டு, ஆகவே ராசிக்கு ஓர் ஆண்டு. சனியின் வட்டம் 9 கிலோமீட்டர், அதுவும் இன்னும் மெதுவாக, இருபத்தொன்பதரை ஆண்டில். பன்னிரண்டால் வகுத்தால் இரண்டரை ஆண்டு வந்துவிடும். சனிக் கல்லில் இந்த நான்கு வரி இருந்தால் அதை நின்று படிக்காமல் போகிறவர் இருக்க மாட்டார். பலன்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அந்தக் காலக்கணக்கு மட்டும் எல்லோருக்கும் பொதுவான வானியல்.

ஒவ்வொரு கல்லிலும் தமிழகத்துக் கதை ஒன்று எழுதுவதற்கு இருக்கிறது. வெள்ளிக் கல்லில் பாண்டிச்சேரியை எழுதலாம். சூரியனுக்கும் பூமிக்கும் எவ்வளவு தூரம் என்பதை, சூரிய வட்டத்தின் குறுக்கே வெள்ளி கடந்து போகும் நேரத்தைப் பல இடங்களிலிருந்து குறித்துத்தான் முதலில் நம்பகமாகக் கணக்கிட்டார்கள். அதற்காக பிரான்சிலிருந்து பாண்டிச்சேரிக்குப் புறப்பட்ட லெ ஜென்டில் என்ற வானியலாளர், 1761-இல் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கடலிலேயே இருக்க நேர்ந்தது. அடுத்த கடப்பு 1769-இல். அதுவரை எட்டு ஆண்டு இந்தப் பக்கக் கடல்களிலேயே காத்திருந்து, பாண்டிச்சேரியில் கருவிகளோடு தயாராக நின்ற அன்று காலை மேகம் மூடிவிட்டது. அதற்கடுத்த 1874 கடப்பின்போது சென்னை வானாய்வகத்தில் இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சாதாரண மக்களுக்கும் புரிய வேண்டும் என்று அந்த நிகழ்வைப் பற்றிய விளக்க நூலை இந்திய மொழிகளிலும் கொண்டுவந்தார். இன்று நாம் அறிவியல் பரப்பல் என்று சொல்லும் வேலையை நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே செய்த அந்த மனிதருக்கு ஒரு கல்லாவது வேண்டாமா? யுரேனஸ் கல்லில் ஜவ்வாது மலையின் காவலூர். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அதற்குக் காரணமான விண்மீன் மறைப்பைக் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் பதிவு செய்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே அரை கிலோமீட்டருக்கு மேல் எதுவுமே இல்லாத வழியில், 1988-இல் காவலூரில் கண்டுபிடித்து ராமானுஜன் பெயர் சூட்டிய சிறுகோளுக்கு ஒரு பலகை வைக்கலாம்.

இதை ஏன் மதுரையிலோ கோவையிலோ வைக்கக் கூடாது, ஏன் சிவகாசியில் என்று கேட்கலாம். சூரியன் எதனால் ஆனது என்று உலகம் தெரிந்துகொண்ட வழி, பேன்சி வெடிக்கு நிறம் ஏற்றும் அதே வழி என்பதால்தான். ஸ்ட்ரான்சியம் உப்பு போட்டால் சிவப்பு, பேரியம் என்றால் பச்சை, தாமிரம் என்றால் நீலம், சோடியம் என்றால் மஞ்சள். மருந்து கலக்கும் அறையில் வேலை பார்ப்பவருக்கு இது கைப்பழக்கம். 1859-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் புன்சனும் கிர்க்கோஃபும் இந்த நிறங்களை முப்பட்டகத்தின் வழியே பிரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் இருப்பது தெரிந்தது. தொலைவிலிருந்த மான்ஹைம் நகரில் தீப்பிடித்தபோது, தங்கள் ஆய்வக ஜன்னலிலிருந்தே அந்தத் தீயில் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் இருப்பதை அவர்கள் கண்டதாகச் சொல்வார்கள். தொலைவிலுள்ள தீயைப் படிக்க முடியுமென்றால் சூரியனை ஏன் படிக்க முடியாது என்று கேட்டு, சூரிய ஒளியில் சோடியத்தைக் கண்டார்கள். விண்மீன்களின் நிறக்கோடுகளை அவற்றின் வெப்பத்தோடு சேர்த்துப் படிக்கும் சமன்பாட்டை இயற்பியலாளர் மேகநாத் சாகா வெளியிட்டது 1920-இல், கல்கத்தாவில் இருந்தபோது. அதே கல்கத்தாவுக்குத்தான் 1922 வாக்கில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கப் போனார்கள். ஒரே நகரம், ஏறக்குறைய ஒரே ஆண்டுகள். அங்கிருந்து ஒரு பாதை விண்மீன்களுக்குப் போயிற்று, ஒரு பாதை சிவகாசிக்கு வந்தது. நூறு ஆண்டு கழித்தாவது அந்த இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கட்டும்.

சூரியக் கல்லில் எழுத வேண்டிய முதல் வரி, சூரியன் எரியவில்லை என்பது. இதைப் புரிந்துகொள்வதில் பட்டாசு ஊர்ப் பிள்ளைக்கு மற்றவர்களைவிட ஒரு படி முன்னிலை உண்டு. திரியில் நெருப்பு வைத்தால் மருந்து ஏன் அத்தனை வேகமாக எரிகிறது? வெடியுப்பு தன்னோடு ஆக்சிஜனைக் கொண்டு வருகிறது. ஆக்சிஜன் தீர்ந்தால் எரிப்பு தீர்ந்தது. சூரியன் நிலக்கரியைப் போல எரிந்திருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளில் அணைந்திருக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள். அங்கே நடப்பது அணுக்கருப் பிணைவு. நொடிக்கு ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன் அளவுக்கு நிறை ஆற்றலாக மாறி வெளியேறுகிறது. வேதியியல் தீக்கும் இந்தத் தீக்கும் உள்ள வேறுபாட்டைத் தொட்டு உணர்த்த சிவகாசியைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூரம் என்பதன் பொருளை இந்தப் பகுதி அளவுக்கு வலியோடு அறிந்த பகுதி வேறில்லை. பயர் ஆபீஸ் எனப்படும் பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் நடுவே எத்தனை மீட்டர் விட வேண்டும், எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் வரையறுக்கின்றன. அந்த இடைவெளி குறைந்த இடங்களில், அறைக்குள் ஆள் கூடிப்போன இடங்களில் உயிர்கள் போயின. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர். 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் இருபதுக்கு மேல். வெளியூர் நாளிதழ்களில் இந்தப் பகுதியின் பெயர் வருவது இரண்டே சந்தர்ப்பங்களில்: ஒன்று வெடி விபத்து, மற்றொன்று தடை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை விதித்த பிறகு, பச்சை நிறத்தை எதைக் கொண்டு உண்டாக்குவது என்பது ஒவ்வொரு சீசனிலும் வயிற்றுப்பாட்டுக் கேள்வியாகிவிட்டது. அந்தத் தீர்ப்பின் நியாயத்தை இங்கே விவாதிக்கப் போவதில்லை. விபத்தும் தடையும் தவிர்த்து மூன்றாவதாக ஒரு காரணத்துக்காக இந்த ஊர்களின் பெயர் வெளியே போக வேண்டும் என்பதே என் ஆசை. தங்கள் ஊரைப் பற்றி இங்குள்ள பிள்ளை தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ள ஒரு பொதுச் சொத்து வேண்டும்.

மூத்தவர்களுக்கும் அது வேண்டும். சிவகாசி வட்டாரத்துச் சிறார் உழைப்பு குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பரில். அதற்கு முன்பு பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர்கள் இன்று அம்மாக்களாகவும் அம்மாச்சிகளாகவும் இருக்கிறார்கள். அன்று இழந்த பள்ளியை அவர்களுக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. நடைவழிக்கு வயதும் கிடையாது, வகுப்பும் கிடையாது. எழுத்துத் தெரியாவிட்டாலும் கால் அளக்கும். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வியாழன் வரை நடந்து, “இன்னும் எம்புட்டுத் தூரம் தாயி போகணும் சனிக்கு?” என்று கேட்கிற அம்மாச்சிக்கு, ஏறக்குறைய வந்ததைப் போல இன்னொரு மடங்கு இருக்கிறது என்று பேத்தி சொல்வாள். வானியலில் அதைவிடச் சரியான பாடம் எதுவும் இல்லை.

இதை மக்களே செய்ய முடியுமா என்ற கேள்விக்கு விடை அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. மெய்ன் மாநிலத்தின் அரூஸ்டுக், உருளைக்கிழங்கை நம்பிப் பிழைக்கும் பகுதி. அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் வயலுக்குப் போவதற்காகப் பள்ளிக்கே விடுமுறை விடும் வழக்கம் அங்கே உண்டு. பெரிய நகரமோ பணமோ இல்லாத இடம். அங்கே பிரெஸ்க் ஐல் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியராக இருந்த கெவின் மெக்கார்ட்னி, சூரியனிலிருந்து பூமி ஒரு மைல் என்ற கணக்கில், ஹூல்டன் வரை நாற்பது மைல் நெடுஞ்சாலையில் சூரியக் குடும்பத்தை நிறுவலாம் என்று ஆரம்பித்தார். அரசு நிதி என்று எதையும் எதிர்பார்க்கவில்லை. ஒரு பள்ளி ஒரு கோளைச் செய்தது, மற்றொன்று கம்பம் செய்தது. மரம், இரும்பு, வண்ணம் எல்லாம் உள்ளூர்க் கடைகளும் நிறுவனங்களும் கொடுத்தவை. நூற்றுக்கணக்கானோர் கை வைத்த அந்த மாதிரி 2003-இல் திறக்கப்பட்டது. மூன்று ஆண்டு கழித்து, 2006-இல் புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து சர்வதேச வானியல் ஒன்றியம் நீக்கியபோது, அவர்கள் அதைப் பிடுங்கி எறியவில்லை. இன்னும் பல குறுங்கோள்களைச் சேர்த்து வழியை நீட்டினார்கள். நாமும் புளூட்டோவுக்குக் கல் நட வேண்டும். அது கோளா இல்லையா என்ற வாக்குவாதம் அந்தக் கல்லடியில் நடக்கட்டும்.

அரூஸ்டுக்கில் இருந்ததைவிட இங்கே திறமை அதிகம். சூரியக் கோளத்தை வளைக்கவும் பற்றவைக்கவும் பட்டறைகள் இருக்கின்றன. வெயிலில் வெளுக்காத மையில் தகட்டில் அச்சிடும் வித்தை சிவகாசிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சங்கப் பாடல்களில் ‘தங்கால் பொற்கொல்லனார்’ என்று ஒரு புலவர் வருகிறார். அந்தத் தங்கால் இந்தத் திருத்தங்கல்தான் என்பார்கள். பொற்கொல்லர் பாடல் புனைந்த ஊரில், 12.7 மில்லிமீட்டர் பூமியையும் 3.5 மில்லிமீட்டர் நிலாவையும் துல்லியமாக உருட்டித்தர ஒரு பத்தர் கிடைக்காமலா போவார்? பள்ளிகளை ஒருங்கிணைக்க 1980-இலிருந்து இயங்கும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் துளிர் இல்லங்களும் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் இருக்கிறது. தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களில் கைகளும் ஓய்வாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. இது ஒப்பந்தப் பணியாகிவிடக் கூடாது. டெண்டர் விட்டு, பளபளக்கும் கிரானைட்டில் திறந்துவைத்தவர் பெயரைக் கோளின் பெயரைவிடப் பெரிதாக வெட்டி, ஒரு செல்ஃபி மேடை கட்டி முடித்தால், அடுத்த ஆண்டே புதர் மண்டிவிடும். ஒவ்வொரு கல்லும் ஒரு பள்ளியின் பொறுப்பில் இருக்க வேண்டும். வர்ணம் பூசுவதும், சுற்றிப் புல் செதுக்குவதும், வருகிறவர்களுக்கு விளக்குவதும் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் உரிமை. மாநகராட்சியிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் கேட்க வேண்டியது அனுமதியும், நடக்கப் பாதுகாப்பான ஓரமும் மட்டுமே. லாரிகள் ஓடும் தார்ச்சாலையின் விளிம்பில் பிள்ளைகளை நடத்த முடியாது. முடிந்த இடங்களில் கண்மாய்க் கரை வழியாகவும், இல்லாத இடங்களில் தனி நடைபாதையாகவும் போக வேண்டும். பாதை வளைந்து போனால் குற்றமில்லை, நடக்கும் தூரம் சரியாக இருந்தால் போதும். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவிலான 150 மீட்டர் மட்டும் நேர்கோடாக, பார்வைக்கு மறைப்பின்றி இருந்தாக வேண்டும். இந்த மாவட்டத்து வெயிலுக்கு நிழல் இல்லாத நடைவழி வீண். வியாழனிலிருந்து நெப்டியூன் வரை வேம்பும் புங்கையும் வைக்காமல் கல் நடுவது அர்த்தமற்றது.

தீக்காயப் பிரிவுக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கும் காசு போதாத இடத்தில் கோளும் நிலாவும் எதற்கு என்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் கேள்வி நேர்மையானது. உயிர் காக்கும் செலவிலிருந்து ஒரு ரூபாயைக்கூட இதற்குத் திருப்பக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பத்துக் கல், பத்துத் தகடு, ஓர் இரும்புக் கோளம், மரக்கன்றுகள். இதற்கு ஆகும் செலவு, ஒரு வாணவேடிக்கை இரவில் கரையும் பணத்தைவிடப் பெரிதாக இராது. தொழிற்சங்கங்களும் ஆலை உரிமையாளர்களும் வியாபாரிகளும் சேர்ந்து நிற்கும் பொதுவேலை இங்கே அரிது. இதில் சேர்ந்து நிற்க யாருக்கும் தடை இல்லை.

கடைசியாக, இந்த வழியில் ஒரு கல் மட்டும் நிலையாக நிற்கக் கூடாது. 1977 செப்டம்பர் 5 அன்று புறப்பட்ட வாயேஜர்-1 விண்கலம்தான் மனிதர் செய்த பொருட்களில் இன்று மிகத் தொலைவில் இருப்பது. ஒளி ஒரு நாள் முழுக்க ஓடும் தூரத்தை அது எட்டுவது 2026 நவம்பரில் என்பது கணக்கு. நம் அளவில் அது 26 கிலோமீட்டர். நெப்டியூன் கல்லைத் தாண்டி, ஆமத்தூரையும் தாண்டி, காமராசர் பிறந்த விருதுநகரை ஒட்டி வந்து நிற்கும். உண்மையில் அது கோள்களின் தளத்தை விட்டு மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்றாலும், தூரம் இதுதான். அதன் பிறகும் அது ஆண்டுக்கு அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்துகொண்டே இருக்கும். எனவே வாயேஜர் கல்லை ஆண்டுதோறும் பெயர்த்து, அத்தனை தூரம் மதுரைப் பக்கமாகத் தள்ளி நட வேண்டும். சூரியனுக்கு அடுத்த விண்மீன் பிராக்சிமா சென்டாரி, இதே அளவில் 40,000 கிலோமீட்டர். சிவகாசியில் புறப்பட்டு உலகை ஒரு முறை சுற்றித் திரும்பச் சிவகாசிக்கே வரும் தூரம், அங்கே கல் நட வழியில்லை. நகரும் கல்லை மட்டும் நாம் பார்த்துக்கொள்ளலாம். தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28 அன்று, ஆண்டுக்கு ஒரு பள்ளி அதை எடுத்து நடட்டும். விருதுநகரிலிருந்து மதுரைக்கு அது போய்ச் சேரத் தொண்ணூறு ஆண்டு அளவில் ஆகும். அதற்குள் மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் முறை வந்து முடியாது. முதல் ஆண்டு எந்தப் பள்ளிக்கு என்று இப்போதே குடவோலை எடுத்துவிடலாம்.